நெஞ்சுவலி: இல்லை

பிப்ரவரி 9

அக்கா,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு குதிகால். ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்காகச் செருப்பைக் கழற்றினார். நான் தரையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய குதிகாலுக்குச் சற்று மேலே, தோலுக்குள் பட்டாணியை வைத்துத் தைத்தது போல இரண்டு முடிச்சுகள் இருந்தன.

அப்பாவுக்கும் அப்படியே இருந்தது. நீ பார்த்திருக்க மாட்டாய். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அவர் மேலே நின்று சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும்போது என் கண்ணுக்கு நேராக அவர் குதிகால்தான் இருக்கும். ஒரு தடவை கேட்டேன். "ஏணி ஏறி ஏறிக் காய்ச்சுப் போச்சு" என்றார்.

நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ரத்தத்தில் இருக்கும் கொழுப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் இடத்தில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருபவர்களிடம் நர்ஸ் ரத்தம் எடுப்பார். நான் குழாயில் எண் ஒட்டி அடுக்கி வைப்பேன். பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். அதன் பிறகு அவர்களுக்கு டீயும் ரொட்டியும் கொடுப்பேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு ஒத்துப்போகிறது.

அந்தக் குதிகாலைப் பெரிய டாக்டரும் பார்த்தார். கூட நின்ற மாணவர்களைக் கூப்பிட்டு, "இது காய்ப்பு இல்லை, கொழுப்பு. ரத்தத்துல அளவுக்கு மீறிப் போய் இங்க வந்து படிஞ்சிருக்கு. இவர் வீட்டுல சின்ன வயசுலயே யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கும், கேளுங்க" என்றார். அந்த ஆள், "எங்கப்பா முப்பத்தொன்பதுல போயிட்டார். சித்தப்பா நாற்பதுல" என்றார்.

அப்பாவுக்கு நாற்பத்தொன்று.

உன் முகவரியை மாமாவின் லாரி ஆபீஸில் கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாது. நீ கால் துடைக்கும்போது குதிகாலுக்கு மேலே தொட்டுப் பார். மற்றதை எழுத வரவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டாகிவிட்டது.

சுண்டு


பிப்ரவரி 21

சுண்டு,

ரெண்டு வருஷம் கழிச்சுத் தங்கச்சி கடிதம் போட்டிருக்கான்னு ஆசையாப் பிரிச்சா, என் குதிகாலை நலம் விசாரிக்கிறே. அக்கா எப்படி இருக்கே, குழந்தை கிழந்தை பிறந்துச்சா, ஒரு வார்த்தை கிடையாது. குதிகால்.

பிறந்துச்சு. பொண்ணு. பதினாலு மாசம் ஆகுது. புது ஆளைப் பார்த்தா உன்னை மாதிரியே முகத்தை மூடிக்குது.

நான் எதையும் மறக்கலை. அப்பாவைக் கிடத்தியிருந்த அன்னிக்கு வாசல்ல வந்து நின்னேன். கதவைத் திறந்தது நீ. நாலு பேர் முன்னாடி தண்ணி வேணும்னு கேட்கக் கூட வாய் வராத பொண்ணு, அன்னிக்கு அழகாப் பேசினே. "நீதான் கொன்னே"ன்னு. சொல்லிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டே. அம்மா சொல்லியிருந்தா விட்டுத் தள்ளியிருப்பேன். அவளுக்கு யார் மேலயாவது பழியைப் போட்டாத்தான் சோறு இறங்கும். நீ சொன்னதுதான் உள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு.

நான் வீட்டுக்குத் தெரியாம உங்க மாமாவைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிப் போன பதினோராம் நாள் அப்பா ஏணியிலேர்ந்து விழுந்தார். எனக்கும் எண்ணத் தெரியும். பாப்பா பிறந்து முதல் தடவை சிரிச்சப்பக் கூட, நமக்கு இதெல்லாம் அடுக்குமான்னுதான் தோணுச்சு.

சரி, தொட்டுப் பார்த்தேன். இருக்கு, ரெண்டு கால்லயும். விரல் முட்டியிலயும் ரெண்டு இருக்கு. லாண்டரியில இஸ்திரிப் பெட்டி பிடிச்சுப் பிடிச்சு வந்ததுன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்ப என்ன, அறுத்துப் பார்சல் பண்ணி அனுப்பவா?

அக்கா


மார்ச் 2

அக்கா,

நான் சொன்னது தப்பு. இதை எழுதுவதற்காகத்தான் அன்றைக்கு மூன்று தாள் கிழிந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஏணி ஆடவே இல்லை. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் பெயிண்ட் வாளி கை நழுவி விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இடது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார், யோசிப்பது போல. அப்புறம்தான் விழுந்தார். விழுந்ததால் அவர் சாகவில்லை, அதற்கு முன்னாலேயே நெஞ்சு நின்றிருக்க வேண்டும். இதைச் சொன்னால், "நீ என்ன பார்த்துட்டு நின்னே" என்று கேட்பார்கள் என்று பயந்தேன். எல்லோரும் உன்னைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பெரிய டாக்டர் சொல்வதைப் பார்த்தால், இது அப்பா பிறக்கும்போதே கூட வந்தது. கொழுப்பு எத்தனையோ வருஷமாக ரத்தக் குழாயில் படிந்துகொண்டே வந்திருக்கிறது. நீ போனாலும் போகாவிட்டாலும் அது வந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "டாக்டர் வந்து பார்த்தாராக்கும்" என்று எழுந்து போய்விட்டாள்.

பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால், பிள்ளைக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. நர்ஸிடம் கெஞ்சி என் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னேன். இருநூறுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு நூற்று எழுபது. எனக்கு இல்லை, அக்கா. உனக்குத்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இங்கே ஒரு புது மாத்திரையை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. உங்கள் ஊரிலும் இதன் கிளை இருக்கிறது. மாதா மாதம் ரத்தம் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், எல்லாம் இலவசம். நீ போய்ச் சேர்ந்துகொள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாதே.

இன்னொன்றுதான் முக்கியம். ரத்தம் எடுத்து டீ கொடுத்த பிறகு, கார்டு எழுதுபவரிடம் அனுப்புவார்கள். அவர் வரிசையாகக் கேள்வி கேட்பார். ஏழாவது கேள்வி, "நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு வலிக்கிறதா?" அதற்கு இல்லை என்று சொல்லிவிடு. ஆம் என்று சொன்னவர்களின் கார்டை இங்கே கார்டு அண்ணன் தனித் தட்டில் போட்டுவிட்டு, "இந்த எண்ணை எடுத்துடும்மா" என்பார். நான் அந்தக் குழாயை அடுக்கிலிருந்து எடுத்துக் கொட்டிவிடுவேன். அந்த ஆட்கள் மறுபடி வருவதே இல்லை. ஆறு மாதமாகப் பார்க்கிறேன். வெறும் வயிற்றோடு விடிகாலையில் வந்து காத்திருந்தவர்களை ஒரு வார்த்தைக்காகத் திருப்பி அனுப்புவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். நெஞ்சு வலிக்கிறது என்று பேச்சோடு சொன்ன, ரொம்பப் பாவப்பட்ட சிலருக்கு டீ கொடுக்கும்போதே மெதுவாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களை எல்லாம் சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் எனக்கு மிட்டாய் கூட வாங்கிக் கொடுத்தார்.

உனக்கு வலி எதுவும் இருக்காது, உனக்கு இருபத்து நாலுதானே. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சுண்டு


ஏப்ரல் 17

சுண்டு,

சேர்ந்தாச்சு. நீ எழுதினதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசலை. மாமா பயந்துபோய் என்னடின்னு கேட்டார். கடிதத்தைக் கையில கொடுத்தேன். படிச்சிட்டு, "பாவம், சின்னப் பொண்ணு, ரெண்டு வருஷமா அந்த ஏணியைக் கீழ வைக்கவே இல்லை போல"ன்னார். எனக்கு உன் மேல இருந்த கோபமெல்லாம் அங்கயே வடிஞ்சிருச்சு. இப்பல்லாம் படுத்தாத் தூக்கம் வருது. இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குப் புரியாது.

இங்க இருக்கிற நர்ஸுக்கு என் கையில நரம்பே கிடைக்கலை. மூணு இடத்துல குத்திட்டு, "ஒளிச்சு வச்சிருக்கீங்களா"ன்னா. "வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்"னேன். டீ வாய்ல வைக்கிற மாதிரி இல்லை. நீ போடுறது பரவாயில்லையா?

என் எண் முந்நூத்தி இருபத்தேழு. வெள்ளை மாத்திரை ஒரு டப்பா கொடுத்தாங்க. அந்த ஏழாவது கேள்விக்கு நீ சொன்ன மாதிரியே சொல்லிட்டேன்.

பாப்பா குதிகாலையும் தடவிப் பார்த்தேன். ரொட்டி மாதிரி மெத்துன்னு இருக்கு. இப்பவே தெரியாதாமே, வளர வளரத்தானாம். தெரியாமலே இருக்கட்டும்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

உங்கள் ஊர்க் குழாய்கள் எல்லாம் வேனில் எங்களிடம்தான் வருகின்றன. நேற்று உன் ரத்தம் என் கையில் இருந்தது. 327 என்று பார்த்ததும் கொஞ்ச நேரம் கீழே வைக்கவில்லை. மெஷினில் போட்டுச் சுற்றிய பிறகு மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். பக்கத்தில் நூற்று அறுபது உள்ள ஒருவருடைய குழாய். இரண்டும் பார்வைக்கு ஒரே நிறம். கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது.

முடிவுத் தாளைப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான். உனக்கு ஏப்ரலில் 372, மே மாதம் 368, இப்போது 374. இறங்கவே இல்லை. வேறு சிலருக்கு நூறுக்கு மேல் இறங்கியிருக்கிறது. கார்டு அண்ணனிடம் யாரோ ஒருவருக்கு என்பது போலக் கேட்டேன். அவர், "பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது, உனக்கு எதுக்கு?" என்றார். அவர்களிடம் கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுவார்களாம். உனக்கும் சொன்னார்களா? எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் உன்னைச் சேரச் சொல்லியிருப்பேனா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? விளையாட்டாக எழுதாமல் உண்மையை எழுது.

சுண்டு


ஜூன் 27

சுண்டு,

சொன்னாங்க. மாவா இருந்தாலும் இருக்கும்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. நம்ம அதிர்ஷ்டம் தெரிஞ்சதுதானேன்னு போட்டேன்.

உண்மையை எழுதுன்னு கேட்டிருக்கே. உன் மேல ஆணையா, உன்னைப் பயமுறுத்தணும்னு எழுதலை. வலி போன வருஷத்துலேர்ந்தே இருக்கு. லாண்டரியில துவைச்ச ஈரப் படுக்கை விரிப்பெல்லாம் மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும். ரெண்டாவது மாடித் திருப்பத்துல நெஞ்சு நடுவுல யாரோ முழங்காலை வச்சு அமுக்குற மாதிரி இருக்கும். நின்னா விட்டுரும். கூட வேலை பார்க்கிறவ ஒருத்தி, "அங்க நின்னு யாரை எதிர்பார்த்துட்டிருக்கே"ன்னு கிண்டல் பண்ணுவா. அப்பாவைக் கொன்னவளுக்கு நெஞ்சு வலிக்காம வேற எது வலிக்கும்னு நானும் விட்டுட்டேன். அப்ப அப்படித்தான் நினைச்சேன்.

ஏப்ரல்ல அந்த ஆளு கேட்டப்ப ஒரு நிமிஷம் வாய் வரைக்கும் வந்துச்சு. நீ அவ்வளவு சொல்லியிருக்கியே, ஆமான்னு சொன்னா அனுப்பிருவாங்களேன்னு இல்லைன்னுட்டேன்.

இப்ப பத்து நாளா விரிப்பை மடிக்கும்போதே வருது. நேத்து உட்கார்ந்திருக்கும்போது வந்துச்சு. இடது தோள்ல இறங்கி நிக்குது. மாமா சரக்கு ஏத்திட்டு வெளியூர் போயிருக்கார், சனிக்கிழமை வந்துருவார். நீ யார்கிட்டயும் சொல்லாதே. அப்பவே பொய் சொன்னேன்னு தெரிஞ்சா என்னைத் தூக்கிருவாங்க, உன் வேலையும் போயிரும்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

இதை உட்கார்ந்துகொண்டு படி. லாண்டரியில் இருந்தால் படி இறங்காதே, ஏறாதே. இதைக் கொண்டு வருபவர் எங்கள் வேன் டிரைவர். அவரோடு உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. பெரிய டாக்டர் எழுதிய சீட்டு கூடவே இருக்கிறது. பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விடு.

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. கார்டு அண்ணனிடம், "ஆம் என்று சொன்னவர்களை எங்கே அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டேன். அவரிடம் இவ்வளவு நீளமாக நான் எதையும் கேட்டதில்லை. அவர் சிரித்துக்கொண்டே கையை மேலே காட்டினார். "மாடிக்கு. இருதய வார்டுக்கு. வலி இருக்கிறவங்களுக்கு மாவு மாத்திரை கொடுத்துட்டு உட்கார முடியுமா? அன்னிக்கே டெஸ்ட், அன்னிக்கே படுக்கை, அன்னிக்கே வைத்தியம். அவங்க கொடுத்து வச்சவங்க. நமக்கு வலி இல்லாத ஆளுங்கதான் வேணும்."

கார்டு அண்ணன் மேசைக்கு வலது பக்கம் ஒரு கதவு இருக்கிறது, அக்கா. அதன் வழியாகத்தான் அவர்கள் மாடிக்குப் போயிருக்கிறார்கள். நான் டீப் பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து அந்தக் கதவு தெரியாது. வாசல் மட்டும்தான் தெரியும்.

பெரிய டாக்டரிடம் ஓடிப் போய், "முந்நூத்தி இருபத்தேழுக்கு நெஞ்சு வலிக்குது" என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்றார். என் அக்கா என்றேன். கார்டை எடுத்துப் பார்த்தார். "இல்லைன்னு சொல்லியிருக்காங்களே, ஏன்?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். போ அக்கா.

சுண்டு


ஜூலை 12

சுண்டு,

எழுத விடமாட்டேங்கிறாங்க. மாமாவை வாசல்ல காவலுக்கு நிறுத்திட்டு எழுதறேன். கோணல்மாணலா இருக்கும்.

உங்க டிரைவர் வந்தப்ப விரிப்பு மடிச்சிட்டிருந்தேன். கையில இருக்கிறதை முடிச்சிட்டு வரேன்னேன். அவர் கேட்கலை. வேன்ல ஏறி ரெண்டு தெரு தாண்டலை, அதுக்குள்ள வந்துருச்சு. குழாய் வைக்கிற பெட்டியை எல்லாம் ஒதுக்கிட்டு நடுவுல படுக்க வச்சுக் கொண்டுபோனார். "எங்க வேன்ல இவ்வளவு பெரிய குழாய் வந்ததில்லை"ன்னு அப்புறம் மாமாகிட்ட சொல்லியிருக்கார். நல்ல மனுஷன்.

பிழைச்சுட்டேன். இருதயத் தசையில மூணுல ஒரு பங்கு செத்துப் போச்சாம். அது இனிமே எழுந்திருக்காதாம். மாடி ஏறக் கூடாது, ஈரத் துணி தூக்கக் கூடாது, பாப்பாவையும் தூக்கக் கூடாது. அவ கட்டில்கிட்ட வந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கிறா. நான் பார்த்துக்கிட்டே படுத்திருக்கேன்.

இங்க இருக்கிற டாக்டர், ஏப்ரல்லயே சொல்லியிருந்தா அடைப்பைச் சரி பண்ணியிருக்கலாமேம்மா, ஏன் மறைச்சீங்கன்னு கேட்டார். மறந்துட்டேன்னேன். நெஞ்சு வலியை மறந்த ஒரே ஆளு நீங்கதான்னார்.

அதனால நீ ஒண்ணும் வாயைத் திறக்காதே. கார்டுல இருக்கிறது நான் சொன்னது, என் வாய், நான் சொன்னேன், முடிஞ்சுது. உன் சம்பளத்துலதான் அம்மா சாப்பிடுறா. உன் மேல கோபம் வரணும்னு நானும் படுத்துக்கிட்டே காத்திட்டிருக்கேன். இன்னும் வரலை. வந்தா எழுதறேன்.

அக்கா


ஜூலை 20

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபம் வந்தால் கட்டாயம் எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

வாயைத் திறக்காதே என்கிறாய். திறக்காமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று உனக்கே தெரியும். மூன்று நாள் அப்படித்தான் இருந்தேன். குழாய்களை அடுக்கினேன், டீ கொடுத்தேன். பெரிய டாக்டர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

ஆனால் உனக்கு மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மார்ச்சில் எழுதியிருந்தேனே, டீ கொடுக்கும்போது மெதுவாகச் சொல்வேன் என்று. ஐந்து பேர். பெயர் தெரியாது. எண் தெரியும், டீயில் யாருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை என்பது தெரியும். 214 டாக்ஸி ஓட்டுபவர். நான் சொன்னதும், "நல்லவேளை சொன்னே பாப்பா, ஆமான்னு சொல்லத்தான் இருந்தேன்" என்றார். 231 ஒரு கொத்தனார். 256 செருப்புக் கடையில் வேலை பார்க்கும் பெண், எப்போதும் நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். 279 ஒரு தையல்காரர். மிட்டாய் வாங்கிக் கொடுத்தவர் 288.

நேற்று அடுக்கில் அவர்களுடைய குழாய்களைத் தேடினேன். நான்கு இருந்தன. 288 இல்லை. பழைய தாள்களைப் புரட்டினேன். மே மாதத்துக்குப் பிறகு அந்த எண் எங்கேயும் இல்லை. கார்டு அண்ணனிடம் கேட்டேன். "வர்றதில்லை. லெட்டர் போட்டோம், பதில் இல்லை. சலிச்சுப் போயிருப்பாரு" என்றார். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இன்னும் நான்கு பேர் வலியை வைத்துக்கொண்டு மாதா மாதம் வந்து போகிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு மாடித் திருப்பத்தில் நின்று நின்று போகிறவர்களாக இருக்கும். கேட்டால் உன்னைப் போலவே மறந்துவிட்டேன் என்று சொல்வார்கள். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

அம்மாவிடம் நேற்று சொன்னேன். எல்லாவற்றையும், ஏணியையும். இந்தத் தடவை அவள் எழுந்து போகாமல் கடைசி வரை கேட்டாள். பிறகு, "வேலை போயிருமே" என்றாள். போகும் என்றேன். அதன் பிறகு, "அவளுக்கு இப்ப யாரு சமைச்சுப் போடுறா?" என்று கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கேட்டாள்.

இன்று காலை டீப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, லேபிள் ஒட்டும் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். ஐந்து எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். ஆறாவதாக உன் எண்ணையும் எழுதினேன். மன்னித்துக்கொள். கீழே, "இவர்களுக்கு வலி இருந்தது. இல்லை என்று சொல்லச் சொன்னது நான்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். பெரிய டாக்டரின் அறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போய், தாளை அவர் முன்னால் வைத்து, அவர் படித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.